நின்டெண்டோ வீ: பழைய பெட்டியை இன்று வாங்கலாமா?

டிவியில் மாட்டி, ரிமோட்டை வீசி ஆடும் வீடியோ கேம் கன்சோலான நின்டெண்டோ வீ கடைகளை விட்டுப் போய் வெகு காலமாகிறது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த சாமான்களோடும், பழைய பொருள் விற்கும் செயலிகளிலும் அடிக்கடி கண்ணில் படுகிறது. மலிவாகக் கிடைக்கிறதே, வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே பதில். ஆனால் எந்த மாடல், எந்த நாட்டுப் பெட்டி, கூடவே என்ன கேபிள் வருகிறது என்று பார்க்காமல் பணம் கொடுத்தால் முதல் நாளே அடாப்டர் புகையும், இல்லையென்றால் ஆசையாக வாங்கிய டிஸ்க் ஓடாது.

வீயைப் பற்றிப் பேசும்போது சடோரு இவாடாவைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச முடியாது. 2002 முதல் 2015 வரை நின்டெண்டோவின் தலைவர் அவர். இந்தப் பெட்டிக்குள் எது வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற கணக்கு அவருடைய தலைமையில் போடப்பட்டது. இன்றும் இது ஓடிக்கொண்டிருப்பதற்கும், சில இடங்களில் படுத்துவிடுவதற்கும் அந்தக் கணக்குதான் காரணம்.

இவாடா 1959இல் சப்போரோவில் பிறந்தவர். கணினி படிக்கும்போதே ஹால் லேபரட்டரி என்ற சின்ன கம்பெனியில் பகுதிநேர வேலை பார்த்து, 1982இல் படிப்பு முடிந்ததும் அங்கேயே சேர்ந்தார். நின்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலுக்காக அவர் எழுதியவற்றில் பின்பால், பலூன் ஃபைட், 1984இல் வந்த கோல்ஃப் ஆகியவை முக்கியமானவை. இன்று ஒரு செல்போன் படத்துக்கு ஆகும் இடத்தைவிடச் சிறிய கார்ட்ரிட்ஜில் 18 குழி கொண்ட மைதானத்தை அடக்கியாக வேண்டும். பைட் பைட்டாக எண்ணிச் செலவழித்த தலைமுறை அது.

1992இல் ஹால் கம்பெனி 150 கோடி யென் கடனில் மாட்டிக்கொண்டது. இவாடாவைத் தலைவராக்கினால் கைகொடுக்கிறேன் என்று நின்டெண்டோ தலைவர் ஹிரோஷி யமாவுச்சி சொல்ல, 1993இல் தன் 33ஆம் வயதில் இவாடா பொறுப்பேற்றார். ஆறு ஆண்டில் கடன் அடைந்தது. அதற்கிடையிலும் கீபோர்டை விடவில்லை. மதர் 2 என்ற கேம் பாதியில் சிக்கி நின்றபோது, இருப்பதைத் திருத்தினால் இரண்டு ஆண்டு ஆகும், புதிதாக எழுதினால் அரை ஆண்டு போதும் என்று சொல்லி அதைக் கரை சேர்த்தார். போகிமானின் சண்டைக் கணக்கை கேம் பாய் என்ற கையடக்கக் கன்சோலிலிருந்து நின்டெண்டோ 64 என்ற டிவி கன்சோலுக்கு மாற்ற வேண்டி வந்தபோது, மூல நிரலைப் படித்துப் பார்த்தே ஒரு வாரத்தில் ஓட வைத்தார். 2000இல் நின்டெண்டோவுக்கு வந்தார். 2002 மே மாதம், 1889இல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு யமாவுச்சி குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவர் ஆனார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது நிலைமை நன்றாக இல்லை. சோனியின் பிளேஸ்டேஷன் 2 மொத்தத்தில் 15 கோடியைத் தாண்டி விற்றது. வீக்கு முன் நின்டெண்டோ விட்ட கேம்கியூப் 2.17 கோடியோடு நின்றுபோனது. அடுத்த கன்சோலில் இன்னும் வேகமான சிப் போட்டுச் சோனியையும் மைக்ரோசாஃப்டையும் துரத்துவது ஒரு வழி. இவாடா அந்தப் பந்தயத்தையே விட்டு விலகினார். மூன்று டிவிடி உறைகளை அடுக்கிவைத்த தடிமனுக்குள் பெட்டி அடங்க வேண்டும், கரண்ட் குறைவாகத் தின்ன வேண்டும், கேமே ஆடாதவர்கள் கையிலும் நிற்க வேண்டும் என்பது இலக்கு.

முடிவு எப்படி வந்தது என்று எண்களைப் பார்த்தால் தெரியும். கேம்கியூபின் பிராசஸர் 486 மெகாஹெர்ட்ஸ், வீயுடையது 729. கிராஃபிக்ஸ் சிப் அங்கே 162, இங்கே 243. இரண்டும் மிகச் சரியாக ஒன்றரை மடங்கு. அதாவது அடிப்படை வடிவமைப்பு அதேதான், புதிய உற்பத்தி முறையில் சின்னதாகவும் சூடு குறைவாகவும் செய்திருக்கிறார்கள். மெமரி மொத்தம் 88 எம்பி, உள்ளே சேமிக்க 512 எம்பி. ஆடும்போது சுமார் 15 முதல் 18 வாட் போதும். அதே காலத்து பிளேஸ்டேஷன் 3 அதைப்போல பத்து மடங்கு இழுத்தது. 2006 நவம்பர் 19 அன்று அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. பிளேஸ்டேஷன் 3இன் மலிவான மாடலே அப்போது 499 டாலர். வீ கடைசியில் 10.16 கோடி விற்றது.

சூடு குறைவு என்பதால் இந்தப் பெட்டிக்கு ஆயுள் கெட்டி. அதே தலைமுறையின் எக்ஸ்பாக்ஸ் 360 சூட்டில் சாலிடர் விட்டு லட்சக்கணக்கில் செத்ததை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பழைய வீயை வாங்கத் துணியலாம் என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இனி மாடல். மூன்று வகை உண்டு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் ஆர்விஎல்-001 என்று இருந்தால் அது முதல் மாடல், கேம்கியூப் கண்ட்ரோலருக்கு நான்கு துளையும் மெமரி கார்டுக்கு இரண்டு துளையும் மூடிக்குக் கீழே இருக்கும். கேம்கியூபின் 8 செ.மீ. டிஸ்க்கும் அதே வாயில் போகும். 2011இல் வந்த ஆர்விஎல்-101இல் அந்தத் துளைகளை எடுத்துவிட்டார்கள். அதில் சின்ன டிஸ்க்கைத் திணிக்கக் கூடாது. 2012இல் வந்த வீ மினி சிவப்பு நிறம், மேல்மூடி திறந்து டிஸ்க் போடும் வகை. இன்டர்நெட் இல்லை, எஸ்டி கார்டு துளை இல்லை, தெளிவான படம் தரும் காம்போனென்ட் வீடியோவும் இல்லை. மினியை யார் சும்மா கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள். ஆர்விஎல்-001தான் எடுக்க வேண்டியது. ஒரே பெட்டியில் இரண்டு கன்சோல் கிடைக்கிறது. ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: கேம்கியூப் ஆட்டங்களை வீ ரிமோட்டால் ஆட முடியாது, கேம்கியூப் கண்ட்ரோலரும், சேமிக்க மெமரி கார்டும் தனியாக வாங்க வேண்டும்.

அடுத்தது எந்த நாட்டுப் பெட்டி என்பது. நம் ஊரில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். வீ ஒரு பிராந்தியப் பூட்டு போட்ட இயந்திரம். அமெரிக்கப் பெட்டியில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது, ஜப்பான் பெட்டியில் இரண்டும் ஓடாது. விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. வீ செட்டிங்ஸ் திரையைத் திறந்தால் மேல் வலது மூலையில் 4.3 என்ற பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்: ஈ என்றால் ஐரோப்பா, யூ என்றால் அமெரிக்கா, ஜே என்றால் ஜப்பான். டிஸ்க் வாங்கும்போது உறையில் அதே பிராந்தியம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பூட்டைவிட ஆபத்து வோல்டேஜ். லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும் என்ற பழக்கத்தில், அமெரிக்க வீயின் அடாப்டரை அப்படியே நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகிவிடுகிறார்கள். அது 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. ஜப்பானுடையது 100 வோல்ட்டுக்கு. சொருகிய நொடியில் போய்விடும். நல்ல வேளையாகப் பெரும்பாலும் அடாப்டரோடு போகும், கன்சோல் பிழைத்துக்கொள்ளும். எல்லா நாட்டு அடாப்டரும் வெளியே தருவது ஒரே 12 வோல்ட், 3.7 ஆம்பியர் என்பதால், அமெரிக்கப் பெட்டிக்கு ஐரோப்பிய அடாப்டர் ஒன்று வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. அது கிடைக்கவில்லை என்றால் 230இலிருந்து 110க்கு இறக்கும் 100 வாட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். ஐரோப்பிய இரண்டு முள் பிளக் நம் சாக்கெட்டில் கொஞ்சம் தளர்வாகவே உட்காரும், நல்ல கன்வெர்ட்டர் போடுங்கள். பிரிட்டன் அடாப்டரின் தட்டை மூன்று முள், சிங்கப்பூர், மலேசிய வீடுகளில் அப்படியே பொருந்தும்.

பெட்டியில் விளக்கே எரியவில்லை என்று யாராவது பாதி விலைக்குத் தந்தால் உடனே செத்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். இந்த அடாப்டருக்குள் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மின்சாரம் ஏறி இறங்கினால் அது தன்னை அணைத்துக்கொள்ளும். சுவரிலிருந்தும் கன்சோலிலிருந்தும் இரண்டு பக்கமும் கழற்றி, இரண்டு நிமிடம் விட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சுவரில் சொருகிப் பாருங்கள். அடிக்கடி கரண்ட் போய் வரும் வீடுகளில் இது சகஜம்.

படம். இதில்தான் வீ இன்றைய டிவிக்கு முன்னால் கூசி நிற்கிறது. அதிகபட்சம் 480பி (480 கோடுகள் கொண்ட, எச்டிக்குக் கீழான படம்), எச்டிஎம்ஐ கிடையாது. கன்சோல் வாங்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் அன்று எச்டி டிவி இல்லை, அதற்காகச் சிப்புக்கும் விலைக்கும் ஏன் சுமை ஏற்ற வேண்டும் என்பது 2006இன் கணக்கு. அன்றைக்கு அது சரி. ஐந்தாறு ஆண்டில் எல்லா வீட்டிலும் எல்இடி டிவி வந்தபின் அந்தக் கணக்கு தப்பியது.

பெட்டியோடு வரும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கேபிள் 43 அங்குல டிவியில் மங்கலான, எழுத்து கரையும் படத்தையே தரும். பச்சை, நீலம், சிவப்பு கொண்ட ஐந்து முனை காம்போனென்ட் கேபிள் வாங்குங்கள். அதை மாட்டியபின் வீ செட்டிங்ஸ், ஸ்கிரீன் போய், டிவி ரெசல்யூஷனில் 480பி என்பதையும், வைட்ஸ்கிரீனில் 16:9 என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் கேபிள் மட்டும் மாற்றிவிட்டு வித்தியாசமே இல்லையே என்பவர்கள் ஏராளம். ஐரோப்பியப் பெட்டியில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று கேட்கும். காம்போனென்ட் இல்லாத நிலையில் 60 போடுங்கள், ஆட்டம் ஓட வேண்டிய வேகத்தில் ஓடும்.

புதிய டிவிகளில் காம்போனென்ட் துளையே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது கன்சோலின் பின்பக்கம் சொருகும் சின்ன வீ-எச்டிஎம்ஐ அடாப்டர்தான் வழி. அது மாயம் எதுவும் செய்யாது, காம்போனென்ட் சிக்னலை டிஜிட்டலாக மாற்றித் தரும், அவ்வளவே. மலிவானவற்றில் கவசம் சரியில்லாததால் கறுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடும். எதை மாட்டினாலும் டிவியில் கேம் மோடைப் போடுங்கள். போடாவிட்டால் டென்னிஸில் பந்து தாண்டியபின் மட்டை வீசப்படும், பழி ரிமோட்டின் மேல் விழும்.

ரிமோட் இரண்டு வெவ்வேறு வழிகளில் வேலை செய்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுதை நாமே கண்டுபிடித்துவிடலாம். கையசைவை அளப்பது உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர். திரையில் கைச்சின்னம் நகர்வது ரிமோட்டின் முன்னால் உள்ள அகச்சிவப்புக் கேமராவால். டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் சென்சார் பார், பெயருக்கு மாறாக, எதையும் உணர்வதில்லை. சுமார் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு பக்கமும் அகச்சிவப்பு எல்இடிகள் எரிகின்றன, ரிமோட் அவற்றைப் பார்த்து, தான் எங்கே நீட்டப்பட்டிருக்கிறோம் என்று கணக்கிடுகிறது. ஆகவே கை வீசினால் ஆட்டம் நடக்கிறது, ஆனால் மெனுவில் கைச்சின்னம் வரவில்லை என்றால் பாரில்தான் கோளாறு. செல்போன் செல்ஃபி கேமராவைப் பாரை நோக்கிப் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் இரண்டு பக்கமும் ஊதா புள்ளிகள் தெரியும். தெரியவில்லை என்றால் மெல்லிய கேபிள் எங்கோ அறுந்திருக்கும். புதிய பார் மலிவு. அவசரத்துக்கு அதே இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் கைச்சின்னம் வந்துவிடும், சுடரிலும் அகச்சிவப்பு உண்டு. அதே காரணத்தால், டிவிக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தாலும், பின்னால் வெயில் அடிக்கும் ஜன்னல் இருந்தாலும் கைச்சின்னம் துள்ளும். ஒன்று முதல் மூன்று மீட்டர் தூரத்தில் நின்று ஆடுவது சரியாக வரும்.

பழைய ரிமோட்டில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது பேட்டரி அறை. இரண்டு ஏஏ செல்லை உள்ளேயே விட்டு ஆண்டுக்கணக்கில் பரணில் போட்டிருப்பார்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் தேய்த்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ஸ்பிரிங் அரித்து முறிந்திருந்தால் விட்டுவிடுங்கள். ரிச்சார்ஜபிள் செல் போடலாம், 1.2 வோல்ட் என்பதால் முழு சார்ஜிலும் பேட்டரி அளவு ஒரு கோடு குறைவாகக் காட்டும்.

இணைப்பதற்கு, கன்சோலின் முன்பக்க எஸ்டி கார்டு மூடிக்குள் ஒரு சிவப்புப் பட்டன், ரிமோட்டின் பேட்டரி அறையில் இன்னொரு சிவப்புப் பட்டன். ரிமோட்டில் அழுத்தி நீல விளக்குகள் மின்னும்போதே கன்சோலில் அழுத்த வேண்டும். இணைந்தபின் மூன்றைச் சோதியுங்கள்: ஸ்பீக்கர் கரகரக்காமல் பேசுகிறதா, அதிர்கிறதா, கைச்சின்னம் நடுங்காமல் நிற்கிறதா. சந்தையில் போலி ரிமோட்டுகள் நிறைய, இந்த மூன்றில் ஒன்றிலாவது அவை சறுக்கும். 2010க்குப் பிந்தைய ரிமோட் பிளஸில் மோஷன்பிளஸ் உள்ளேயே இருப்பதாகக் கீழ்ப்பகுதியில் எழுதியிருக்கும். முடிந்தால் அதையே தேடுங்கள். மோஷன்பிளஸில் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் உண்டு. வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட், ஸ்கைவர்ட் ஸ்வார்ட் செல்டா ஆகிய ஆட்டங்கள் அது இல்லாமல் தொடங்கவே தொடங்காது. ஆட்டத்தின் நடுவே வாள் கோணலானால், ரிமோட்டைக் கவிழ்த்து மேசையில் சில விநாடி அசையாமல் வையுங்கள், தானே நேராகும்.

மணிக்கட்டு வாரை மாட்டாமல் ஆட விடாதீர்கள். வெளியான ஒரு மாதத்திலேயே ரிமோட்டுகள் கைநழுவிப் பறந்து டிவி உடைந்த கதைகள் வந்தன. 2006 டிசம்பரில் நின்டெண்டோ 32 லட்சம் வார்களை மாற்றிக் கொடுத்தது, கயிற்றின் தடிமன் 0.6 மி.மீ.இலிருந்து 1 மி.மீ. ஆனது. அடுத்த ஆண்டு சிலிகான் உறையும் இலவசமாகத் தந்தார்கள். மிக மெல்லிய கயிறு உள்ள ரிமோட் கையில் வந்தால் அது அந்த முதல் ஈடு. கயிற்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆட்டம் எப்படி? டென்னிஸ், பௌலிங், கோல்ஃப் போன்றவை அடங்கிய வீ ஸ்போர்ட்ஸ் டிஸ்க் இல்லாமல் வீ வாங்குவது வீண். ஜப்பான், தென் கொரியாவைத் தவிர பெரும்பாலான நாடுகளில் பெட்டியோடே கொடுத்த அது 8.29 கோடி பிரதி போனது. டென்னிஸில் ஆள் தானே ஓடிப் போய் நிற்பார், நாம் வீசினால் போதும். ஆக்சிலரோமீட்டருக்குக் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது, எவ்வளவு வேகமாக மாறியது என்று மட்டும் தெரியும். அதற்குத் தோதாக ஆட்டத்தையே சுருக்கியிருக்கிறார்கள். சோபாவில் படுத்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலும் சர்வீஸ் விழுவதும் அதனால்தான். பௌலிங்தான் இதில் உச்சம், பாட்டியும் பேரனும் சரிசமமாக ஆடக்கூடிய ஆட்டம். குத்துச்சண்டை சொதப்பல், இரண்டு கையும் வேகமாக வீசும்போது எந்தக் குத்து எண்ணப்பட்டது என்றே புரியாது.

கோல்ஃபை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் உள்ள ஒன்பது குழிகளும் 1984இன் ஃபாமிகாம் கோல்ஃபிலிருந்து எடுத்தவை. தலைவர் இளைஞராக இருந்தபோது பைட் எண்ணி அடைத்த அதே மைதானம், இருபத்திரண்டு ஆண்டு கழித்து முப்பரிமாணத்தில். கோல்ஃபுக்கு இன்னொரு மெனக்கெடல் தேவை: முழு வேகத்தில் வீசினால் பவர் மீட்டர் சிவந்து பந்து கோணலாகப் போகும். முக்கால் வேகமே சரி. குழிக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டும்போது அசைவு போதாமல் உணராமலும் போகும். இது பழுதில்லை, அந்தத் தலைமுறைச் சென்சாரின் எல்லை.

டிஸ்க் படிக்கும் லென்ஸ் இந்தக் கன்சோலின் பலவீனமான உறுப்பு. டிஸ்க்கை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வகை என்பதால் தூசு சுலபமாகப் போகும், மூடியைத் திறந்து துடைக்க வழியில்லை. சோதிக்கச் சாதாரண டிஸ்க் போதாது. தகவலை இரண்டு அடுக்காகப் பதிந்த, லென்ஸுக்குப் படிக்கக் கடினமான இரட்டை அடுக்கு டிஸ்க் வேண்டும். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால் என்ற சண்டை ஆட்டம் அதற்கு உரைகல். இந்தத் தொடரின் முதல் ஆட்டத்துக்கான மாதிரியை ஆட்ட வடிவமைப்பாளர் மசாஹிரோ சகுராயும் இவாடாவும்தான் ஹால் கம்பெனியில் இருந்தபோது சேர்ந்து செய்தார்கள். 2005இல் வீக்கு ஒரு ஸ்மாஷ் வரும் என்று இவாடா மேடையில் அறிவித்துவிட்டு, அதற்குப் பிறகே, அப்போது ஹாலை விட்டு விலகியிருந்த சகுராயிடம் நீங்களே இயக்க வேண்டும் என்று கேட்டார். தலைவர் வாக்குக் கொடுத்தபின் வேறு என்ன செய்வது? 2008இல் ஆட்டம் வந்தது, ஒற்றை அடுக்கில் அடங்கவில்லை. அதுவரை சுகமாக ஓடிய பல வீக்களில் பிரால் மட்டும் ஏறவில்லை, நின்டெண்டோ லென்ஸைச் சுத்தம் செய்து தர வேண்டி வந்தது.

பிரால் ஏறி, அரை மணி நேரம் தடங்கலின்றி ஓடினால் லென்ஸ் நலம். ஏறாவிட்டால் லென்ஸ் கிளீனிங் டிஸ்க் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவரோடு மூன்று இதழ் கொண்ட ட்ரை-விங் ஸ்குரூடிரைவரும் வேண்டும். ஸ்குரூக்கள் பல ரப்பர் காலுக்கும் ஒட்டிய சதுரத்துக்கும் அடியில் ஒளிந்திருக்கும். லென்ஸை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுத்தாமல் ஒரே சுற்றாகத் துடையுங்கள். ஜப்பானிலேயே 2020இல் வீ பழுதுபார்ப்பை நின்டெண்டோ நிறுத்திவிட்டது, இனி கம்பெனி வாசலில் போய் நிற்க முடியாது.

வாங்கி வந்ததும் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வீ செட்டிங்ஸில் வீகனெக்ட்24 என்பதை ஆஃப் செய்யுங்கள். வீ தூங்கும்போதும் இன்டர்நெட்டோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், காலையில் எழுந்தால் வாசலில் கடிதம் போல டிஸ்க் வாயின் விளக்கு நீலமாக மின்ன வேண்டும் என்பது இவாடா விரும்பி வைத்த அம்சம். இரவெல்லாம் ஃபேன் இரைந்தால் வீட்டில் யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் அந்த நிலையில் ஃபேன் சுற்றாது. சிப்போ முழுதாக அணையாது, எட்டுப் பத்து வாட் இழுத்துக்கொண்டு வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படிக் கிடந்த சில பழைய பெட்டிகளில் கிராஃபிக்ஸ் சிப் கெட்டு, திரையில் வண்ணப் புள்ளிகள் தெறிக்கத் தொடங்கின. பார்த்து வாங்கும்போது கறுப்புப் பின்னணி வரும் இடங்களில் இந்தப் புள்ளிகளைத் தேடுங்கள். இருந்தால் அதற்கு மருந்து இல்லை. சேவை 2013 ஜூனிலேயே மூடப்பட்டுவிட்டதால் ஆஃப் செய்வதில் இழப்பும் இல்லை. ஆஃப் ஆனதற்கு அடையாளம், அணைத்த நிலையில் பவர் விளக்கு ஆரஞ்சுக்குப் பதில் சிவப்பாக எரியும்.

ஆன்லைன் விளையாட்டும் 2014 மே மாதத்தோடு போயிற்று. கடையான வீ ஷாப் சேனல் 2019 ஜனவரி இறுதியில் மூடியது. ஆகவே விற்பவர் முன்பு வாங்கிச் சேமித்த பழைய ஆட்டங்கள் பெட்டிக்குள் இருந்தால் அது அதிர்ஷ்டம், பெட்டியைச் சுத்தமாக அழித்துத் தருகிறேன் என்று அவர் சொன்னால் தடுத்துவிடுங்கள். இனி அவற்றை வாங்க வழியில்லை. பேரண்டல் கண்ட்ரோல் நான்கு இலக்க எண் போட்டிருந்தால் அதை அவர் கையாலேயே எடுத்துவிடச் சொல்ல வேண்டும். தேதி ஒவ்வொரு முறையும் தவறிப்போனால் பக்கவாட்டில் சின்ன மூடிக்குள் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

மேலே ஏறி நின்று ஆடும் பலகையான பேலன்ஸ் போர்டோடு வந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். நான்கு மூலையிலும் எடை உணரும் பட்டைகள், நான்கு ஏஏ செல், ஐரோப்பியப் பலகை 150 கிலோ வரை தாங்கும். கம்பளத்தின் மேல் வைத்தால் எடை தவறாகக் காட்டும், டைல்ஸ் தரையில் வையுங்கள். ஒரு மூலையில் மட்டும் எப்போதும் சாய்வு காட்டினால் அந்தப் பட்டை போயிற்று, வாங்காதீர்கள்.

வீயின் உச்சத்தில், 2009 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் நின்டெண்டோ 55,500 கோடி யென் இயக்க லாபம் பார்த்தது. மூன்றே ஆண்டில் 3,730 கோடி யென் நஷ்டம். 3டிஎஸ் கையடக்கக் கன்சோல் விற்காமல் விலையை 25,000 யென்னிலிருந்து 15,000க்குக் குறைத்தபோது இவாடா தன் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டார். 2014இல் இன்னொரு முறை. ஆட்களை நீக்கி லாபம் காட்டுவதற்கு மட்டும் அவர் கடைசிவரை இசையவில்லை. 2015 ஜூலை 11 அன்று, 55 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

2014இன் சறுக்கலுக்குப் பெரிய காரணம், வீக்கு அடுத்த கன்சோலாக 2012இல் வந்த வீ யூ. மொத்தம் 1.36 கோடியே விற்றது. ஆனால் பழைய பொருளாக வாங்குவோருக்கு அது கவனிக்கத் தக்கது: எச்டிஎம்ஐ உண்டு, வீ டிஸ்க்கும் பழைய ரிமோட்டும் அதில் வேலை செய்கின்றன, கேம்கியூப் டிஸ்க் மட்டும் ஓடாது. 480பி படத்தோடும் கேபிளோடும் மல்லுக்கட்டப் பிடிக்காதவர்கள் அதைத் தேடலாம். நீண்ட நாள் கரண்ட் கொடுக்காமல் வைத்திருந்த வீ யூக்களில் உள் மெமரி பழுதாகி 160-0103 என்ற பிழை எண் வருவதுண்டு, ஆகவே ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். திரையோடு வரும் கண்ட்ரோலரான கேம்பேட் தொலைந்துபோன வீ யூ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அது இல்லாமல் முதல் அமைப்பையே முடிக்க முடியாது, வேறு பிராந்தியத்துக் கேம்பேடும் அதோடு சேராது.